எலஹங்காவில் இரண்டு வரிசை திராட்சை

மைத்துனருக்கு எலஹங்காவில் 40க்கு 60 மனை ஒன்று இருக்கிறது. வீடு கட்டக் கொஞ்ச காலம் ஆகும், அதுவரை யாரும் குப்பை கொட்டாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்றார். பாதி மனையில் திராட்சை போட்டுக்கொள்கிறேன் என்று கேட்டு வாங்கினேன். பத்துக் கொடி, இரண்டு வரிசை. ஒரு வரிசை எங்கள் ஊர்ப் பன்னீர், இன்னொன்று இந்த ஊருக்கே சொந்தமான பெங்களூர் ப்ளூ. அதைச் செய்த விதத்தை இங்கே எழுதி வைக்கிறேன். மாடியிலோ பின்கட்டிலோ திராட்சை வைக்க நினைப்பவர்களுக்கு உதவலாம்.

எங்கள் ஊர் கம்பம் பள்ளத்தாக்கு. மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலை, நடுவில் முல்லைப் பெரியாறு. பன்னீர் திராட்சையைத் தமிழ்நாட்டுக்கு 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தார் என்பார்கள். 2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மஸ்கட் ஹாம்பர்க் என்று உலகம் அழைக்கும் ரகம்தான் இது. மாமாவுக்கு அங்கே தோட்டம் இருக்கிறது. கல்தூண் நட்டு, தலைக்கு மேல் கம்பிப் பந்தல் போட்டு, வருஷம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் பழம் இருக்கும்படி வளர்ப்பார்கள். "ரெண்டு வருசத்துக்கு அஞ்சு வெள்ளாம மாப்ள" என்பார் மாமா. அந்த ஐந்து வெள்ளாமைக்கும் எத்தனை தடவை மருந்து அடிக்கிறார் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

மருந்தைக் குறைத்து வளர்க்க முடியுமா என்று தேடும்போதுதான் நியூசிலாந்துக்காரர்கள் செய்வது கண்ணில் பட்டது. அங்கே ஒயின் திராட்சை வளர்ப்பதெல்லாம் பெரும்பாலும் மலை சூழ்ந்த குளிர்ப் பள்ளத்தாக்குகளில். மத்திய ஒட்டாகோ, மார்ல்பரோவின் வைராவ், கேன்டர்பரியின் வைபரா இப்படி. 1995இலேயே நீடித்த திராட்சை வளர்ப்புக்கு நாடு தழுவிய ஒரு திட்டம் தொடங்கினார்கள். தண்ணீர், மண், மருந்து, கழிவு எல்லாவற்றுக்கும் கணக்கு எழுதிக் காட்ட வேண்டும். இன்று அந்நாட்டுத் திராட்சைப் பரப்பில் 90 சதவீதத்துக்கு மேல் அதற்குள் வந்துவிட்டது. நான் எடுத்துக்கொண்டது அந்தக் கணக்கு எழுதும் பழக்கத்தைத்தான். மற்றபடி 45 டிகிரி தெற்கில் இருக்கும் ஒட்டாகோவையும் 13 டிகிரி வடக்கில் இருக்கும் எலஹங்காவையும் ஒன்றாக வைத்துப் பேச முடியாது. அங்கே குளிர்காலத்தில் கொடி இலையுதிர்த்துத் தூங்கும். இங்கே கொடிக்குத் தூக்கமே கிடையாது. கத்திரியை வைத்து நாம்தான் அதற்குப் பருவம் வகுத்துக் கொடுக்க வேண்டும்.

நம் பக்கத்தில் அந்தக் குளிர்ப் பள்ளத்தாக்குகளுக்கு நெருக்கமான இடம் என்றால் நந்தி மலை அடிவாரம். சிக்கபள்ளாப்பூரைச் சுற்றி நந்திகிரி, சந்திரகிரி, ஸ்கந்தகிரி, பிரம்மகிரி, ஹேமகிரி என்று ஐந்து மலை, பஞ்சகிரி என்பார்கள். நந்தி உச்சி 1,478 மீட்டர். மலையடிவாரத்தில் 1988இலேயே பிரெஞ்சு ஒயின் ரகங்களை நட்டுத் தொடங்கிய குரோவர் தோட்டம் இன்றும் ஓடுகிறது. பகலில் நல்ல வெயிலும் இரவில் குளிர்ச்சியும் இருப்பதால் பழத்தில் புளிப்பு முழுக்கக் கரைந்துபோகாமல் நிற்கிறது. எலஹங்கா அந்த அளவுக்குக் குளிர் இல்லை. ஆனாலும் 900 மீட்டருக்கு மேல். கம்பத்தை விட இங்கே இரவு எவ்வளவோ தேவலை.

முதல் வேலை தூண். இதில் நான் யோசித்தது அதிகம். நியூசிலாந்தில் பெரும்பாலும் பைன் மரக் கம்பங்கள், செம்பும் குரோமியமும் ஆர்சனிக்கும் கலந்த மருந்தில் ஊறவைத்தவை. இயந்திரம் இடித்து உடைந்த கம்பங்களை எரிக்கவும் முடியாமல் புதைக்கவும் முடியாமல் அவர்களுக்கே அது தலைவலி. இங்கே ஜி.ஐ. பைப் போடலாம் என்று வெல்டர் அண்ணன் சொன்னார். கிருஷ்ணகிரிக்காரர், நல்ல வேலைக்காரர்தான், ஆனால் எதற்கும் பைப்தான் சொல்வார். நமக்கு அதைவிட நல்லது கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. கோலார், சிக்கபள்ளாப்பூர் பக்கம் வேலிக்கும் திராட்சைக்கும் நடுகிற கருங்கல் தூண். துருப்பிடிக்காது, கரையான் அரிக்காது, மருந்தில் ஊறவைக்கத் தேவையில்லை. வேண்டாம் என்றால் பிடுங்கி வேறு இடத்தில் நடலாம். எட்டடித் தூண்களை டாடா ஏஸில் ஏற்றிக் கொண்டுவந்தேன். சுமை இறக்கத்தான் ஆள் பலம் வேண்டும்.

இரண்டடிக் குழி, சிமென்ட் இல்லை. ஜல்லியும் செம்மண்ணும் அடுக்கடுக்காகப் போட்டுக் கடப்பாரையின் மொட்டைப் பக்கத்தால் இடித்து இறுக்கினோம். நடுத் தூண்களுக்கு இது போதும். வரிசையின் இரண்டு முனைத் தூண்களுக்குப் போதாது. கம்பியின் இழுவை முழுக்க அவற்றின் மேல்தான் விழும். அதனால் முனைத் தூணைக் கொஞ்சம் வெளிப்பக்கம் சாய்த்து நட்டு, அதற்கும் மூன்றடி தள்ளி ஒரு கல்லைக் கம்பியோடு கட்டிப் புதைத்து, அந்தக் கம்பியைத் தூண் தலையோடு டர்ன்பக்கிள் (கம்பியை இழுத்து இறுக்கும் திருகு) போட்டு முறுக்கினோம். கம்பி தளர்ந்தால் டர்ன்பக்கிளைத் திருப்பினால் போதும். கருங்கல்லில் துளை போடவில்லை. கம்பி வரும் உயரத்தில் உளியால் ஒரு சிறு பள்ளம் கொத்தி, கட்டுக்கம்பியால் சுற்றிக் கட்டியாயிற்று. வரிசை வடக்குத் தெற்காக, 30 அடி நீளம். செடிக்குச் செடி ஆறடி, வரிசைக்கு வரிசை பத்தடி.

இப்போது கம்பியை எங்கே கட்டுவது என்பது. இரண்டு வரிசைக்கும் ஒரே மாதிரி கட்டவில்லை, காரணம் இரண்டும் வேறு வேறு குணம்.

குளிர்ப் பள்ளத்தாக்குகளில் கொடியைப் பந்தலில் படரவிட மாட்டார்கள். இடுப்பு உயரத்தில் ஒரு கம்பி. கொடியின் இரண்டு கைகளும் அதன் மேல் படுத்திருக்கும். அதிலிருந்து வரும் தளிர்களை மேலே இரண்டு மூன்று ஜோடிக் கம்பிகளுக்கு நடுவே செங்குத்தாக நிறுத்துவார்கள். ஒரு ஆள் அகலத்துக்கு மெலிசாக ஒரு பச்சைச் சுவர். காற்று ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வரும். மழை நின்றதும் இலை காயும். இலை ஈரமாக நிற்கும் நேரம் குறைந்தால் பூஞ்சாணம் குறையும். பூஞ்சாணம் குறைந்தால் மருந்து குறையும். இந்த ஒரு சங்கிலியைப் பிடித்துக்கொண்டுதான் மொத்தத் தோட்டத்தையும் அமைத்தேன். கம்பத்துப் பந்தல் வெயிலுக்கு அருமை. பழத்துக்கு நிழல், விளைச்சலும் அதிகம். ஆனால் மழைக்காலத்தில் பந்தலுக்கு அடியில் நின்றால் தெரியும், அங்கே காற்றே இருக்காது.

பன்னீர் வினிஃபெரா என்கிற ஐரோப்பிய இனம். தளிர் மேல்நோக்கிப் போகும், கம்பிக்குள் நிறுத்தச் சொன்னால் நிற்கும். அதற்கு மூன்றரை அடியில் முதல் கம்பி, மேலே ஓரடி இடைவெளியில் ஜோடிக் கம்பிகள். பெங்களூர் ப்ளூ அப்படி இல்லை. அதில் அமெரிக்க லாப்ரஸ்கா ரத்தம் ஓடுகிறது. அந்த இனத்தின் தளிர் தொங்கத்தான் பார்க்கும். அதைப் பிடித்து மேலே நிறுத்துவது தினமும் கொடியோடு சண்டை. அமெரிக்காவில் அதே லாப்ரஸ்கா இனத்துக் கான்கார்டு திராட்சைக்கு நெல்சன் ஷாலிஸ் 1960களில் வகுத்த முறையில், உயரத்தில் கம்பி கட்டித் தளிரைக் கீழே திரைச்சீலையாகத் தொங்கவிட்டார்கள். அவர் இரண்டு திரை தொங்கவிட்டார்; எனக்கு ஒன்று போதும். ஆக ப்ளூ வரிசைக்கு ஆறடியில் ஒரே ஒரு கம்பி. செலவும் குறைவு, வேலையும் குறைவு. வீட்டில் ஒரே ஒரு கொடி வைக்க விரும்புகிறவர்களுக்கு நான் சொல்வதும் இதைத்தான்: ப்ளூ வாங்குங்கள், தலைக்கு மேல் ஒரு கம்பி இழுங்கள், மற்றதை அது பார்த்துக்கொள்ளும்.

நடவு பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பன்னீருக்கு மாமா, கவாத்தில் (கொடியை வெட்டிவிடுவதில்) கிடைத்த குச்சிகளை ஈரக் கோணியில் சுற்றிப் பஸ்ஸில் அனுப்பினார். பென்சில் தடிமன், நான்கு கண் (தளிர் விடும் மொட்டு) உள்ள முற்றிய குச்சி. அடிக்கண்ணுக்குக் கீழே சாய்வாக வெட்டி, மூன்று கண் மண்ணுக்குள் போகும்படி பையில் வைத்தால் வேர் பிடித்துவிடும். ப்ளூ நாற்று சிக்கபள்ளாப்பூர் பக்கமே கிடைத்தது. குழியில் தொழு உரம், வேப்பம் புண்ணாக்கு, வேர் அழுகலைத் தடுக்கும் டிரைக்கோடெர்மா பூஞ்சாணம். மனையில் கிடந்த கட்டட இடிபாடுகளைப் பொறுக்கி எடுத்ததுதான் நடவை விடப் பெரிய வேலை.

தண்ணீர் விஷயத்தில் பெங்களூரில் கணக்குப் பார்க்காமல் முடியாது. 2024 மார்ச்சில் குடிநீரைத் தோட்டத்துக்கு ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியமே அறிவித்தது. மனையில் இணைப்பும் இல்லை. பக்கத்தில் இருக்கும் மைத்துனரின் தற்போதைய வீட்டு மாடியிலிருந்து மழைநீரை ஒரு தொட்டிக்குத் திருப்பினோம். ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் 90 லிட்டருக்கு மேல் வரும். இங்கே வருஷத்துக்குச் சராசரியாக 900 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. தண்ணீர் இல்லை என்று சொல்ல முடியாது, தொட்டி இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஆர்.ஓ. கழிவு நீரை ஊற்றலாமே என்று பலரும் கேட்டார்கள். திராட்சைக்கு உப்பு ஆகாது, முக்கியமாக குளோரைடு. இலை ஓரம் கருகும். கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை முக்கிப் பார்த்துவிட்டு அந்த யோசனையைக் கைவிட்டேன். காய்கறி கழுவிய தண்ணீர் தாராளமாகப் போகிறது.

மூடாக்கு இருந்தால் தண்ணீர் பாதி மிச்சம். எலஹங்கா தெருக்களில் தூங்குமூஞ்சி மரமும் இயல்வாகையும் கொட்டும் சருகுக்குக் குறைவே இல்லை. மூட்டை கட்டி எரிக்கக் கொண்டுபோவதற்கு முன் கேட்டு வாங்கி, கொடியின் அடியில் அரை அடி உயரத்துக்குப் பரப்பிவிடுவேன். அடித்தண்டை ஒட்டிப் போடாமல் ஒரு சாண் விட வேண்டும், இல்லாவிட்டால் தண்டு அழுகும்.

வரிசைக்கு நடுவே இருக்கும் பத்தடி நிலத்தைக் கொத்துவதில்லை. வைபராவில் லிங்கன் பல்கலைக்கழகத்து ஸ்டீவ் ராட்டனும் குழுவும் திராட்சை வரிசைகளுக்கு நடுவே பக்வீட் விதைத்துப் பார்த்தார்கள். வடக்கே விரதத்துக்கு மாவாக்குகிற குட்டு அதுதான். அதன் பூவில் தேன் குடிக்க வரும் ஒட்டுண்ணிக் குளவிகள் இலைச்சுருட்டுப் புழுவைப் பார்த்துக்கொண்டன. எனக்குப் பக்வீட் விதை தேவைப்படவில்லை. அந்தக் குளவிக்கு வேண்டியது வாய்க்கு எட்டும் ஆழமில்லாத சின்னப் பூ. கொத்தமல்லியும் சப்பசிகே சொப்பும் (சதகுப்பைக் கீரை) பூக்கவிட்டால் அதே வேலை நடக்கும். ஆனால் பெங்களூரில் சப்பசிகேயைப் பூக்கும் வரை விட்டுவைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. பக்கத்து வீட்டு அஜ்ஜி தினமும் ஒரு கட்டு கேட்பார். பாதி அவருக்கு, பாதி குளவிக்கு என்று ஒப்பந்தம். இடையில் கொள்ளும் தட்டைப்பயறும் விதைத்து, பூ வந்ததும் அறுத்து அங்கேயே போட்டுவிடுகிறேன்.

மருந்துக்கு வருகிறேன். பெங்களூரில் திராட்சைக்கு முதல் எதிரி அடிச்சாம்பல் நோய். இலையின் மேல் எண்ணெய் பட்ட மாதிரி மஞ்சள் புள்ளி, திருப்பிப் பார்த்தால் வெள்ளைப் பூஞ்சு. பத்து மில்லிமீட்டர் மழை, பத்து டிகிரி வெப்பம், பத்து சென்டிமீட்டர் தளிர் மூன்றும் சேர்ந்தால் நோய் தொடங்கும் என்பது ஐரோப்பியத் தோட்டக்காரர்களின் மூன்று பத்து விதி. இங்கே மே மாதத்திலிருந்து அக்டோபர் வரை அந்த மூன்றும் எப்போதும் தயார். பெங்களூர் ப்ளூ துருநோயையும் ஆந்த்ராக்னோஸையும் தாங்கும், இதைத் தாங்காது.

இதற்கு எல்லோரும் சொல்வது போர்டோ கலவை. பிரான்ஸில் போர்டோ பக்கம் சாலையோரக் கொடிகளில் வழிப்போக்கர் பழம் பறிக்காமலிருக்க மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்) சுண்ணாம்பும் கலந்து பூசியிருந்தார்கள். அந்தக் கொடிகளில் மட்டும் இலை உதிராமலிருப்பதை 1882இல் தாவரவியலாளர் மில்லார்டே கவனித்தார். 1885இல் செய்முறையை வெளியிட்டார். இயற்கை விவசாயத்திலும் இதற்கு அனுமதி உண்டு. "இயற்கை" என்று பெயர் வந்துவிட்டால் நம்மவர்கள் கணக்குப் பார்ப்பதில்லை. வாராவாரம் அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். செம்பு மண்ணில் மக்காது, வெளியேறாது, சேர்ந்துகொண்டே போகும். மண்புழுவுக்கு ஆகாது. செம்மறியாட்டுக்கும் ஆகாது, நியூசிலாந்தில் களை மேய்க்கத் தோட்டத்துக்குள் செம்மறியாடு விடுபவர்கள் செம்பு தெளித்த இடத்தில் பார்த்துத்தான் விட வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியம் ஒரு எக்டேருக்கு ஏழு வருஷத்தில் 28 கிலோ செம்பு என்று வரம்பு வைத்திருக்கிறது. வருஷத்துக்கு 4 கிலோ. ஒரு சதுர மீட்டருக்கு 0.4 கிராம். என்னுடைய பாதி மனை 1,200 சதுர அடி, அதாவது 111 சதுர மீட்டர். ஆக எனக்கு வருஷத்துக்கு 44 கிராம் செம்பு. மயில்துத்தத்தில் கால் பங்குதான் செம்பு. புத்தகத்தில் உள்ளபடி ஒரு சதவீதக் கலவையைப் பத்து லிட்டர் செய்ய 100 கிராம் மயில்துத்தம் வேண்டும், அதில் 25 கிராம் செம்பு. இரண்டு தடவை அடித்தால் வரம்பு தாண்டிவிடுகிறது! இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் தெளிப்பானை எடுக்கும் கை தானாகத் தயங்கியது. அரை சதவீதமாக்கி, வருஷத்துக்கு மூன்று தடவை என்று முடிவு செய்தேன். 37 கிராம் சொச்சம். பத்துக் கொடிக்குப் பத்து லிட்டர் தாராளம்.

செய்முறை இது. பிளாஸ்டிக் வாளி இரண்டு. இரும்பு, தகரம் கூடாது. ஒன்றில் ஐந்து லிட்டர் தண்ணீரில் 50 கிராம் மயில்துத்தத்தைத் துணியில் முடிந்து தொங்கவிட்டால் கரைந்துவிடும். இன்னொன்றில் 50 கிராம் புதிய சுட்ட சுண்ணாம்பு. முதலில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து நீர்க்கவைத்து, ஆறியபின் ஐந்து லிட்டராக்கி வடிகட்டவும். நீர்க்கும்போது கொதிக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளவும். பிறகு மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக்குள் ஊற்றிக்கொண்டே கலக்க வேண்டும், மாற்றி ஊற்றக்கூடாது. நல்ல வானநீலம் வரும். தேய்த்துச் சுத்தம் செய்த இரும்புக் கத்தியை ஒரு நிமிஷம் முக்கி எடுத்தால், கத்தியில் செம்பு நிறம் படியக்கூடாது. படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, அப்படியே அடித்தால் இலை கருகும். இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புத் தண்ணீர் சேர்த்து மறுபடி கத்தியை முக்க வேண்டும். செய்த அன்றே தெளித்து முடிக்க வேண்டும், மறுநாளைக்கு ஆகாது.

மூன்று தடவைதான் என்றால் எப்போது? இதற்குப் பதில் கத்திரியில் இருக்கிறது. ப்ளூவில் இங்கே வருஷத்துக்கு இரண்டு காப்பு எடுப்பது வழக்கம். நான் இரண்டு வரிசையிலும் ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன். பழக் கவாத்தை டிசம்பர் தொடக்கத்தில் செய்தால் தளிர், பூ, காய் எல்லாம் மழை இல்லாத மாதங்களில் நடக்கும். ஏப்ரலில், கோடை மழை பலமாகப் பிடிப்பதற்கு முன் பழம். பழுக்கும்போது மழை விழுந்தால் பழம் வெடித்துவிடும். அறுவடை முடிந்து மே மாதத்தில் அடிக் கவாத்து, ஒன்றிரண்டு கண் மட்டும் விட்டு. அந்தத் தளிர் வளரும் மே, ஜூன் மாதங்களில்தான் இளம் இலையும் மழையும் ஒன்றாக வருகின்றன. அங்கே இரண்டு தெளிப்பு. செப்டம்பர் பெருமழைக்கு முன் ஒன்று. காய் நிற்கும் காலத்தில் செம்பு கிடையாது.

அடிக் கவாத்துக்குப் பின் 40 முதல் 70 நாள் வரை முக்கியமான காலம். அடுத்த வருஷப் பூங்கொத்து அப்போதுதான் கண்ணுக்குள் உருவாகிறது, அதற்கு வெளிச்சம் வேண்டும். ஜூனில் வானம் மூடிக்கிடக்கும், கொடியோ காடாக வளரும். நெருக்கமான தளிர்களைக் கிள்ளி, கொடியின் கையில் ஒரு சாண் இடைவெளிக்கு ஒன்று என்று விட்டேன். கத்திரிப்பதற்கு மனசு வராதவர்கள் திராட்சை வைக்காமலிருப்பது நல்லது.

டிசம்பர் கவாத்தில் நான்கு கண் விட்டேன். இங்கே இன்னொரு சிக்கல் இருக்கிறது. குளிர்ப் பள்ளத்தாக்கில் பனிக்காலம் முடிந்ததும் எல்லாக் கண்ணும் ஒன்றாக விழிக்கும். இங்கே நுனிக் கண் மட்டும் விழித்து மற்றதை அமுக்கிவிடும். தோட்டங்களில் இதற்கு ஹைட்ரஜன் சயனமைடு தடவுகிறார்கள். கடும் நஞ்சு, ஐரோப்பிய ஒன்றியம் அதற்கு அனுமதி மறுத்துவிட்டது. அதைக் கையாண்டவர் அன்று மது குடித்தால் உடம்பு தாங்காத அளவுக்குக் கோளாறு செய்யும், ஒயின் திராட்சைக்கு அதைத் தடவுவதை என்னவென்று சொல்வது! நான் கவாத்துக்கு முன் இரண்டு வாரம் தண்ணீரை நிறுத்தி, மிச்ச இலைகளைக் கையால் உருவி, பன்னீர்க் குச்சிகளைக் கம்பியோடு வில்லாக வளைத்துக் கட்டினேன். வளைந்த இடத்தில் நுனியின் அதிகாரம் குறைந்து நடுக் கண்களும் விழித்தன. எல்லாம் இல்லை, ஆனால் போதும்.

ஜனவரியில் பன்னீரில் சாம்பல் நோய் வந்தது. அடிச்சாம்பலுக்கு ஈரம் வேண்டும், இதற்கு வேண்டாம். ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து வெயில் நேரத்தில் தெளித்தேன். ஆஸ்திரேலியத் தோட்டங்களில் சோதித்துப் பார்த்த முறைதான். ஆரம்பத்திலேயே அடித்தால் கேட்கிறது, பரவிய பிறகு கேட்காது. பரவிய இரண்டு கொடிக்கு நனையும் கந்தகம் கொடுத்தேன். கந்தகத்தை 32 டிகிரிக்கு மேல் அடிக்கக்கூடாது. கான்கார்டு போன்ற லாப்ரஸ்கா ரகங்களில் கந்தகம் இலையைக் கருக்கும் என்பதால் ப்ளூ வரிசைப் பக்கம் போகவில்லை. பழக்கொத்தைச் சுற்றி இலை நீக்கும் வேலையிலும் ஒரு சின்ன விஷயம்: கிழக்குப் பக்கம் மட்டும் நீக்கினேன். காலை வெயில் பனியைக் காயவைக்கும். மேற்குப் பக்க இலை மதிய வெயிலிலிருந்து பழத்தைக் காக்கும். ஒட்டாகோ வெயில் வேறு, 2024 ஏப்ரலில் 38 டிகிரியைத் தாண்டிய பெங்களூர் வெயில் வேறு.

மார்ச்சில் மாவுப்பூச்சி. எறும்பு வரிசையாகத் தண்டில் ஏறுகிறதா என்று பார்த்தால் முன்பே தெரிந்துவிடும். மாவுப்பூச்சியை மேய்ப்பதே எறும்புதான். தளர்ந்த பட்டையை உரித்துத் தண்டில் பசைப்பட்டை சுற்றினேன். அதோடு மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலீமஸ் பொறிவண்டு, கொடிக்குப் பத்து. 1898இலேயே ஆஸ்திரேலியாவிலிருந்து காபித் தோட்டத்துக்காக இந்தியா வந்த வண்டு இது. ஹெப்பாளில் தேசிய வேளாண் பூச்சி வளப் பணியகமே இருப்பதால் பெங்களூர்க்காரர்களுக்கு இந்த மாதிரி வண்டுகளைப் பற்றி விசாரிக்க அலைய வேண்டியதில்லை. ஒரே எச்சரிக்கை: அதன் புழுவும் வெள்ளை மெழுகு போர்த்திக்கொண்டு மாவுப்பூச்சியைப் போலவே இருக்கும். ஆனால் இரண்டு மடங்கு பெரியது, வேகமாக ஓடும். ஓடுவதை நசுக்காதீர்கள்.

பறவைக்கு வலை கட்டவில்லை, சிக்கிக்கொள்ளும். மார்ல்பரோவில் ராஜாளியைக் கொண்டுவந்து குடியேற்றிப் பார்த்தார்கள். நமக்கு அந்த வசதி இல்லை. கொத்துக்கு ஒரு பட்டர் பேப்பர் உறை. ப்ளூவின் அந்தக் கனத்த மணத்துக்குக் காரணமான மெத்தில் ஆந்த்ரனிலேட்டை அமெரிக்காவில் பறவை விரட்டியாகவே விற்கிறார்கள். எலஹங்காக் கொண்டைக்குருவிகளுக்கு அது தெரியாது போலிருக்கிறது.

பழம் வந்தபோது மாமா வந்திருந்தார். வரிசையைச் சுற்றிச் சுற்றி நடந்தார். "என்ன மாப்ள, கொடிய வேலி மாதிரி நிக்க வச்சிருக்க? பந்தல்ல விட்டிருந்தா ரெண்டு மடங்கு காச்சிருக்கும்."

"காச்சிருக்கும் மாமா. மருந்தும் ரெண்டு மடங்கு."

அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் இனிப்பை அளக்கும் பிரிக்ஸ் மீட்டரை வாங்கிக்கொண்டு கொத்துக்கு ஒரு பழமாகப் பிழிந்து பார்க்க ஆரம்பித்தார். பன்னீர் இனிப்பில் அவர் தோட்டத்தை விடக் கொஞ்சம் முன்னால் இருந்தது. ப்ளூ வழக்கம்போலப் புளிப்பு. ஒயின் போடுவாயா என்று எல்லோரும் கேட்கிறார்கள். உரிமம் இல்லாமல் வீட்டில் காய்ச்சவும் முடியாது, புளிக்கவைக்கவும் முடியாது, ஆசையும் இல்லை. ப்ளூவைச் சாறாகப் பிழிந்து அஜ்ஜி வீடு உட்பட நான்கு வீட்டுக்குக் கொடுத்தோம். பன்னீர் மேசைக்கே போதவில்லை.

மைத்துனர் வீட்டுக்குப் பிளான் போட ஆரம்பித்துவிட்டார். மேற்குப் பக்கம் விட வேண்டிய காலி இடத்தில் ப்ளூ வரிசை அப்படியே நிற்கலாம்; ஆறடிக் கம்பிக்குக் கீழே ஆள் நடமாட இடம் இருக்கிறது. பன்னீர் வரிசை நிற்கும் இடத்தில் கார் நிறுத்தம் வருகிறது. தூண்களைப் பிடுங்கி மாடிக்கு ஏற்ற முடியாது, எடை தாங்காது. அதனால் டிசம்பர் கவாத்துக் குச்சிகளைப் பையில் வேர்விட வைத்து, அவரிடமே இன்னொரு மனை இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.